தொடை எலும்பின் தலை 43 மில்லிமீட்டர்: ஆணா, பெண்ணா?

வாசகர் கேள்வி, ஜனவரி 12, 2024

துப்பறியும் கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பாழுங்கிணற்றைத் தூர்வாரும்போது தொடை எலும்பு ஒன்று மட்டும் கிடைக்கிறது. டாக்டர் அதன் பந்துத் தலையை அளந்துவிட்டு, "43 மில்லிமீட்டர், ஆகவே பெண்" என்கிறார். இன்ஸ்பெக்டர் காணாமல் போன பெண்களின் பட்டியலை எடுக்கச் சொல்கிறார். 43.5-க்குக் கீழே இருந்தால் பெண் என்று இணையத்தில் பார்த்தேன். சரிதானே?

ஜனவரி 12, இரவு

சரியில்லை. நீங்கள் பார்த்தது டி.டி. ஸ்டூவர்ட் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1979-ல் வெளியிட்ட அட்டவணை. 42.5-க்குக் கீழே பெண். 42.5 முதல் 43.5 வரை பெண்ணாக இருக்கலாம். 43.5 முதல் 46.5 வரை ஒன்றும் சொல்வதற்கில்லை. 46.5 முதல் 47.5 வரை ஆணாக இருக்கலாம். அதற்கு மேலே ஆண். அவர் அளந்தது அமெரிக்க எலும்புகளை. உங்கள் கிணறோ செங்கல்பட்டில் இருக்கிறது. நம்மூர் ஆண்களின் சராசரி அதைவிடச் சிறியது. அந்த 43 ஒல்லியான ஓர் ஆளுடையதாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அதோடு அவர் அட்டவணையிலேயே 43 "பெண்ணாக இருக்கலாம்" என்ற கட்டத்தில்தான் விழுகிறது. "ஆகவே பெண்" என்று உங்கள் டாக்டராகச் சேர்த்துக்கொண்டார்.

ஜனவரி 13

முதலில் அந்த 43 எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். தொடை எலும்பின் தலை முழு உருண்டை இல்லை. நடுவில் தசைநார் ஒட்டும் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. வெர்னியர் காலிப்பரின் இரண்டு தாடைகளையும் வைத்து மெதுவாகச் சுழற்றினால் எண் ஏறி இறங்கும். உச்சத்தில் நிற்கும் எண் அதிகபட்ச விட்டம். மேலிருந்து கீழாக மட்டும் அளந்தால் செங்குத்து விட்டம். அட்டவணை எந்த விட்டத்தைச் சொல்கிறது என்று பார்த்து, அதையே அளக்க வேண்டும். இரண்டும் பெரும்பாலும் ஒட்டியேதான் வரும், ஆனால் அரை மில்லிமீட்டருக்குக் கட்டம் மாறும் அட்டவணையில் இந்த வித்தியாசமே ஆளை மாற்றிவிடும்.

வயதானவர் எலும்பு என்றால் மூட்டு தேய்ந்து, விளிம்பில் புது எலும்பு உதடு போல வளர்ந்திருக்கும். காலிப்பர் அதன் மேல் உட்கார்ந்தால் விட்டம் கூடிக் காட்டும். கிணற்றில் கிடந்த எலும்பில் விளிம்பு உடைந்து குறைந்தும் இருக்கலாம். அப்போது தலையை விட்டுவிட்டு வேறு இடத்தைத்தான் அளக்க வேண்டும்.

ஜனவரி 13, மாலை

ஒருவர் தனிமடலில், "ஆணுக்கு ஒரு விலா எலும்பு குறைவு, அதை எண்ணினால் போதாதா?" என்று கேட்டிருக்கிறார். போதாது சார். ஆணுக்கும் பன்னிரண்டு ஜோடி, பெண்ணுக்கும் பன்னிரண்டு ஜோடி. உடற்கூறியலின் முன்னோடியான வெசாலியஸ் இதை 1543-லேயே அச்சில் சொல்லிவிட்டார். கூடுதலாக ஒரு விலா இருப்பவர்கள் ஆண்களிலும் உண்டு, பெண்களிலும் உண்டு. கல்லூரியில் ஒவ்வொரு பேட்சிலும் ஒரு மாணவராவது இதைக் கேட்காமல் விட்டதில்லை. கேட்டுவிட்டுத் தன் விலாவையே எண்ணிப் பார்ப்பார்.

ஜனவரி 15

சரி, நம்மூருக்கு என்ன அளவு என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே எண்ணாகக் கொடுக்க மாட்டேன். கணக்கு எப்படி நடக்கிறது என்று காட்டுகிறேன். கீழே வருவதெல்லாம் கற்பனை எண்கள், கதையில் எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஓர் ஊரில் ஆண்களின் தலை விட்டம் சராசரி 44, திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பது) 2.5 என்று வைத்துக்கொள்வோம். பெண்களுக்குச் சராசரி 39, விலக்கம் 2. இந்திய உடற்கூறியல் ஆய்வுகளில் 'டிமார்க்கிங் பாயின்ட்' என்று ஒன்றைப் பார்ப்பீர்கள். 1966-ல் இந்தர் ஜித்தும் எஸ். சிங்கும் காறை எலும்பை வைத்துச் செய்த ஆய்விலிருந்து பரவியது. சராசரியோடு மூன்று மடங்கு விலக்கத்தைக் கூட்டினால் அந்தப் பாலில் ஏறத்தாழ எவருமே தாண்டாத எல்லை வரும். கழித்தால் கீழ் எல்லை. நம் கற்பனை ஊரில் பெண்களின் மேல் எல்லை 39 + 6 = 45. ஆண்களின் கீழ் எல்லை 44 − 7.5 = 36.5. ஆக 45-க்கு மேலே இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆண். 36.5-க்குக் கீழே இருந்தால் பெண்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது ஊரில் எத்தனை பேர் இந்த எல்லைகளைத் தாண்டுகிறார்கள் என்று பாருங்கள். ஆண்களில் மூன்றில் ஒரு பங்கு. பெண்களில் பத்தில் ஒருவர். மீதி எல்லாரும் நடுவில் கிடக்கிறார்கள். தப்பே வராத எல்லை வேண்டும் என்றால் பெரும்பாலான எலும்புகளைத் 'தெரியாது' என்ற பெட்டியில் போட வேண்டியதுதான். கோர்ட்டில் கூண்டில் ஏறி அப்படிச் சொல்லும் தைரியம் உள்ள டாக்டரை உங்கள் கதையில் வையுங்கள், படிக்கிறேன்.

ஜனவரி 15, பின்னிரவு

மேலே உள்ளதோடு இன்னொன்று. டிமார்க்கிங் எல்லையை விட்டுவிட்டு இரண்டு சராசரிகளுக்கும் நடுவே 41.5-ல் ஒரே கோடு போட்டால்? ஆண்களில் நூற்றுக்கு 84 பேரும் பெண்களில் 89 பேரும் சரியான பக்கம் விழுவார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் "துல்லியம் 87 சதவீதம்" என்று வருவது இந்த மாதிரிக் கணக்கிலிருந்துதான்.

அப்புறம் உங்கள் 43. அந்தக் கற்பனை ஊரில் 43 மில்லிமீட்டர் என்ற எண், பெண்ணுக்கு வருவதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் ஆணுக்கு வரும். அமெரிக்க அட்டவணை பெண் பக்கம் சாய்த்த அதே எலும்பு இங்கே ஆண் பக்கம் சாய்கிறது. எலும்பு அதேதான், பக்கத்தில் எந்த ஊர்க்காரரை நிறுத்தினோம் என்பதுதான் மாறியது. உங்கள் இன்ஸ்பெக்டர் தவறான பட்டியலைக் கையில் வைத்திருக்கிறார்.

ஜனவரி 16

மார்பெலும்பிலும் இதே கதை. ஆஷ்லி என்ற ஆய்வாளர் 1956-ல், மேல் துண்டையும் நடுத் துண்டையும் சேர்த்து அளந்த நீளம் ஐரோப்பியருக்கு 149 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஆண் என்றார். அதே ஆள் ஆப்பிரிக்கர்களுக்கு 136 என்று வேறு கோடு போட்டார். இதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதுகிறோம், "இங்கே எவ்வளவு?" என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஜனவரி 19

"குரோக்மன் முழு எலும்புக்கூட்டில் 100 சதவீதம் சொன்னாரே, நீங்கள் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்?" என்று ஒரு எம்.பி.பி.எஸ். தம்பி கேட்டிருக்கிறார்.

குரோக்மன் ஓர் அமெரிக்க மானுடவியலாளர். எந்த எலும்பை வைத்து நூற்றுக்கு எத்தனை முறை பாலைச் சரியாகச் சொல்லலாம் என்ற அவர் கட்டம் பாடப்புத்தகத்தில் வரும், தெரியும். முழு எலும்புக்கூடு 100, இடுப்பு மட்டும் 95, மண்டை ஓடு மட்டும் 92, இடுப்பும் மண்டையும் சேர்ந்து 98, நீண்ட எலும்புகள் மட்டும் 80. அவர் பார்த்தது கிளீவ்லாந்தில் உள்ள ஹாமன்-டாட் சேகரிப்பின் 750 எலும்புக்கூடுகள். அந்தச் சேகரிப்பில் ஆண்களே மிக அதிகம், அது அவருக்கும் தெரியும். தெரிந்தவருக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் 'ஆண்' என்று சொன்னாலே மதிப்பெண் ஏறும். குரோக்மனே இந்தச் சாய்வை ஒத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார். நம் நோட்ஸில் கட்டம் மட்டும் வந்து சேர்ந்தது, கீழே இருந்த எச்சரிக்கை வரவில்லை.

1972-ல் கென்னத் வைஸ் என்பவர் பழைய புதைகுழி அறிக்கைகளைக் கூட்டிப் பார்த்து, சராசரியாக 12 சதவீத அளவுக்கு ஆண் பக்கம் சாய்வு இருக்கிறது என்று காட்டினார். சந்தேகம் வந்தால் கை 'ஆண்' என்றே எழுதுகிறது.

ஜனவரி 20

மண்டை ஓட்டில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை குறைவு. புருவ மேடு, காதுக்குப் பின்னால் இருக்கும் மாஸ்டாய்டு, பின்மண்டை முகடு, தாடை முனை எல்லாம் வயதோடு மாறுகின்றன. வயதான பெண்களின் மண்டை முரடாகி ஆண் போலக் காட்டும், இளம் ஆண்களுடையது வழுவழுப்பாக இருந்து பெண் போலக் காட்டும். 2011-ல் ஸ்ப்ராட்லியும் ஜான்ட்ஸும் அமெரிக்க எலும்புகளில் ஒப்பிட்டுப் பார்த்து, இடுப்பு இல்லையென்றால் மண்டையை விடக் கை கால் எலும்புகளின் அளவுகளே மேல் என்றார்கள். இடுப்புக்கு அடுத்த இடத்தை மண்டைக்குக் கொடுத்துப் படித்த தலைமுறைக்கு இது கசக்கும்.

ஜனவரி 21

எலும்பு அறை பற்றி ஒரு புலம்பல். கல்லூரியின் பெயர் வேண்டாம்.

நான் டியூட்டராகச் சேர்ந்த அனாட்டமி துறையில் மர அலமாரி நிறைய எலும்புகள் இருந்தன. வார்னிஷ் பூசி, கம்பிக்கு ஓட்டை போட்டு, சிலவற்றில் கருப்பு மையில் 'எம்' அல்லது 'எஃப்' என்று எழுதியிருக்கும். முதுகலை மாணவர் ஒருவர் அவற்றை வைத்தே 'தொடை எலும்பில் பால் நிர்ணயம்' என்று தீசிஸ் எழுதத் தயாரானார். இந்த எழுத்தைப் போட்டது யார் என்று கேட்டேன். பதிவேட்டைத் தேடினோம், கிடைக்கவில்லை. பழைய அட்டெண்டர் ஒருவர்தான் சொன்னார்: முன்பு இருந்த ஒரு புரொஃபஸர் எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்து, பெரிதாக இருந்தால் எம், சிறிதாக இருந்தால் எஃப் போடச் சொல்வாராம்.

இப்போது அந்த எலும்புகளை அளந்தால் என்ன வரும்? எம் எல்லாம் பெரிது, எஃப் எல்லாம் சிறிது, துல்லியம் தொண்ணூற்றைந்து சதவீதம்! எண்கள் அழகாக வரும், எல்லாம் புரொஃபஸரின் கண்ணைத்தான் அளந்திருக்கும். அந்த மாணவரிடம் சொல்லி, பிரேதப் பரிசோதனையில் பால் தெரிந்த எலும்புகளுக்கு மாற்றினோம். ஓர் ஆண்டு தள்ளிப்போனது. கைடுக்கு என் மேல் கொஞ்ச நாள் கோபம்.

கடைசியில் வந்த துல்லியம் எண்பத்து சொச்சம். அதுதான் நம்பும்படியான எண்.

ஜனவரி 22

"அலமாரியில் அவ்வளவு எலும்பு எங்கிருந்து வந்தது?" நல்ல கேள்வி. 1985-ல் தடை செய்யும் வரை உலகத்துக்கே மனித எலும்பு ஏற்றுமதி செய்த நாடு இது. கல்கத்தா அதன் தலைநகரம். வெளிநாட்டு மருத்துவ மாணவர்கள் படித்த எலும்புக்கூடுகளில் பல இங்கிருந்து போனவை. பெயர், ஊர், வயது, பால் எதுவும் கூடப் போகவில்லை. மாணவர்கள் சீனியரிடம் வாங்கும் எலும்பு செட்டும் அப்படித்தான். ஒரே செட்டில் வலது தொடை ஒருவருடையது, இடது தொடை இன்னொருவருடையது. அதை அளந்து பழகலாம், முடிவு சொல்லக்கூடாது.

ஜனவரி 27

இதைக் கேட்டால் நம்புவீர்களா தெரியாது: எலும்பே இல்லாமல், அளவுகள் மட்டும் எழுதிய ஒரு தாளை வைத்து 1998-லிருந்து ஆணா பெண்ணா என்று சண்டை நடக்கிறது.

பசிபிக்கில் நிக்குமரோரோ என்ற தீவு. 1940-ல் ஜெரால்டு கல்லகர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அங்கே கிடந்த மனித எலும்புகளைச் சேர்த்து ஃபிஜிக்கு அனுப்பினார். 1937 ஜூலை 2-ல் விமானத்தோடு காணாமல் போன அமெரிக்கப் பெண் விமானி அமீலியா எர்ஹார்ட்டாக இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். ஃபிஜியின் சுவா நகரில் மருத்துவப் பள்ளி முதல்வராக இருந்த டாக்டர் ஹூட்லெஸ் 1941-ல் பதின்மூன்று எலும்புகளையும் ஆராய்ந்து, ஆண், உறுதி என்று எழுதினார். உயரம் ஐந்தடி ஐந்தரை அங்குலம் என்றார். அப்புறம் எலும்புகள் காணாமல் போய்விட்டன. மிஞ்சியது அவர் குறித்த எண்கள்: மேற்கை எலும்பு 32.4 சென்டிமீட்டர், முன்கையின் ரேடியஸ் 24.5, கணைக்கால் டிபியா 37.2, கூடவே மண்டையின் சில அளவுகள்.

அவர் 'ஆண்' என்றதற்கு மூன்று காரணம் கொடுத்தார். இடுப்பின் முன்கோணத்தில் பாதி (ஒரு பக்க இடுப்பெலும்புதான் இருந்தது), இரண்டு தொடை எலும்புகளும் அமையும் விதம், நீண்ட எலும்புகளின் சுற்றளவுக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம். முதல் காரணம் இன்றும் மதிப்புள்ளது. மற்ற இரண்டையும் இன்று எவரும் பிடித்துத் தொங்க மாட்டார்கள்.

1998-ல் பர்ன்ஸும் ஜான்ட்ஸும் அதே எண்களைக் கணினியில் போட்டு, ஐரோப்பிய வம்சாவளிப் பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். 2015-ல் கிராஸும் ரைட்டும் எழுந்து, ஹூட்லெஸ் தேர்ந்த ஆள், அவர் முடிவைத் தூக்கிப் போட முடியாது என்றார்கள். 2018-ல் ஜான்ட்ஸ் திரும்பி வந்தார். எர்ஹார்ட்டின் புகைப்படத்திலிருந்தும் அவர் உடைகளிலிருந்தும் எலும்பு நீளங்களைக் கணித்து, ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களில் 99 சதவீதம் பேரை விட எர்ஹார்ட்டே இந்த எலும்புகளோடு அதிகம் பொருந்துகிறார் என்றார். பத்திரிகைகள் 'கண்டுபிடித்தாகிவிட்டது' என்று போட்டுவிட்டன.

ஜனவரி 28

ராத்திரி எழுதியதை மறுபடி படித்தேன். ஜான்ட்ஸ் பக்கம் நான் சாய்வது போல வந்திருக்கிறது. அப்படி இல்லை. 99 சதவீதம் என்பது அந்த ஒப்பீட்டுக் குழுவுக்குள் நடந்த கணக்கு. அந்தத் தீவில் யார் யார் செத்திருக்க முடியும் என்பது வேறு கேள்வி. 1929-ல் நார்விச் சிட்டி என்ற சரக்குக் கப்பல் அதே தீவின் பாறையில் மோதி பதினொரு பேர் இறந்தார்கள். அவர்கள் கப்பல்காரர்கள். அவர்களில் ஒருவராக இருந்தால்? அதற்கு அவர்களின் அளவும் வேண்டும்.

எலும்பைக் கையில் பிடித்துப் பார்த்து, நமக்கு அளவுகளை விட்டுச்சென்றவர் ஹூட்லெஸ்தான். எலும்பின் நிலையை அவர் இன்னும் கொஞ்சம் விவரித்து, ஒரு படம் வரைந்து வைத்திருந்தால் இவ்வளவு சண்டைக்கு இடமே இருந்திருக்காது. 'ஆண்' என்ற முடிவைவிட 24.5 என்ற எண்ணைக் குறித்துவைத்ததே அவர் செய்த பெரிய வேலை. முடிவை மட்டும் எழுதியிருந்தால் அதோடு போயிருக்கும்.

ஜனவரி 30

இடுப்பு கிடைத்தால் எதைப் பார்க்கலாம் என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். 1969-ல் ஃபெனிஸ் சொன்ன மூன்று அடையாளம்: பியூபிஸ் எலும்பின் (இடுப்பின் முன்பகுதி) முன்முகத்தில் சாய்வாக ஓடும் ஒரு மேட்டுக் கோடு, அதன் கீழ் விளிம்பில் உள்வாங்கிய வளைவு, கீழ்க் கிளையின் உள்பக்க விளிம்பு மெல்லிய முகடாக இருப்பது. மூன்றும் இருந்தால் பெண். காலிப்பரே வேண்டாம். சிக்கல் என்னவென்றால் மண்ணில் முதலில் நொறுங்குவதும் அந்தப் பகுதிதான்.

அளந்தே ஆக வேண்டும் என்றால் பிரெஞ்சுக்காரர்கள் 2005-ல் கொடுத்த டி.எஸ்.பி. முறை (நிகழ்தகவை வைத்துப் பால் சொல்வது என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம்) எனக்குப் பிடிக்கும். இடுப்பெலும்பில் பத்து அளவு. உலகத்தின் பல பகுதிகளிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடுப்பெலும்புகளை வைத்துச் செய்தது. நிகழ்தகவு 95 சதவீதத்தைத் தொடவில்லை என்றால் முடிவு சொல்ல மாட்டேன் என்று நின்றுவிடும். இடுப்பு வடிவம் பிரசவத்தோடு சம்பந்தப்பட்டது, அதனால் ஊருக்கு ஊர் கோடு அவ்வளவாக நகராது. தொடை எலும்பின் பருமன் சாப்பாட்டையும் உயரத்தையும் வேலையையும் தொட்டு ஓடும், அங்கேதான் ஊர் குறுக்கே வருகிறது.

சிறுவர் எலும்பை வைத்து என்னிடம் கேட்காதீர்கள். பருவ வயதுக்கு முன் இந்த அளவுகள் எதற்கும் உதவாது.

பிப்ரவரி 2

"எதற்கு இந்த வம்பு, டி.என்.ஏ. எடுத்தால் முடிந்தது" என்று ஒருவர். பெரும்பாலும் முடியும். ஆனால் அமெலோஜெனின் சோதனையைக் கொஞ்சம் பாருங்கள். அமெலோஜெனின் ஒரு மரபணு, எக்ஸ் குரோமோசோமில் உள்ள அதன் பிரதிக்கும் ஒய்-யில் உள்ளதற்கும் ஆறு எழுத்து நீள வித்தியாசம். இரண்டும் தெரிந்தால் ஆண், எக்ஸ் மட்டும் தெரிந்தால் பெண். ஒய் பிரதி இயற்கையாகவே விடுபட்ட ஆண்கள் உண்டு. 1998-ல் வந்த ஓர் ஆய்வில் இலங்கை ஆண்கள் 24 பேரில் இருவருக்கு அது இல்லை. ஹைதராபாத் ஆய்வகம் 2002-ல் இந்திய ஆண்கள் 270 பேரில் ஐந்து பேரிடம் இதே விடுபடலைக் கண்டது. அந்த ஒரு சோதனையை மட்டும் செய்தால் இவர்கள் எல்லாரும் பெண் என்று அறிக்கை வரும். இப்போது கூடவே ஒய்-யின் வேறு இடங்களையும் பார்க்கிறார்கள். நம் பக்கத்து ஆட்கள் விஷயத்தில் அதைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும்.

பிப்ரவரி 2, மாலை

ஒருவர் ஸ்வீடனின் பிர்கா கல்லறையை நினைவுபடுத்தினார். 1878-ல் தோண்டிய 581-ஆம் குழி. வாள், கோடரி, அம்பு, இரண்டு குதிரை எல்லாம் இருந்ததால் ஆண் வீரன் என்று நூறு வருஷம் சொல்லிவந்தார்கள். எலும்பைப் பார்த்தவர்கள் பெண் என்றபோது 'வேறு பெட்டியில் கலந்துவிட்டிருக்கும்' என்று சந்தேகப்பட்டார்கள். 2017-ல் டி.என்.ஏ. வந்து எலும்புக்காரர்கள் சொன்னதே சரி என்றது. அளவுகோலைத் திட்டித் தீர்த்த இந்த இழையில் அதற்கும் ஒரு நல்ல வார்த்தை.

பிப்ரவரி 6

எரிந்த எலும்பு. சுடுகாட்டில் மிஞ்சியதை அளக்கலாமா என்று ஒரு காவல்துறை நண்பர் கேட்டார். நன்றாக வெந்து வெள்ளையான எலும்பு சுருங்கும். நூற்றுக்குப் பத்து வரைக்கும் போகும், அதற்கு மேலும் போவதுண்டு. 48 மில்லிமீட்டர் தலை பத்து சதவீதம் சுருங்கினால் 43.2. நம் கதாசிரியரின் எண் கிட்டத்தட்ட வந்துவிட்டது! கருகிக் கறுப்பாக மட்டும் இருந்தால் சுருக்கம் குறைவு. ஆகவே அளவுக்குப் பக்கத்தில் நிறத்தையும் எழுதுங்கள்.

பிப்ரவரி 11

தீசிஸ் தொடங்கும் ஒரு பெண் காலிப்பர் எது வாங்கலாம் என்று கேட்டார். டிஜிட்டல் போதும்மா, 150 மில்லிமீட்டர் வரை போகிற சாதாரணமானது. ஒவ்வொரு முறையும் பூஜ்யம் சரிபாருங்கள். முழு நீளத்துக்கு எலும்பு அளக்கும் பலகையைத் துறையில் கேளுங்கள், டேப் வேண்டாம். ஒரே எலும்பை இரண்டு வாரம் கழித்துத் திரும்ப அளங்கள், பழைய எண்ணைப் பார்க்காமல். உங்கள் தோழி ஒருவரையும் தனியாக அளக்கச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் முறையில் கோளாறு. இடதையும் வலதையும் ஒரே பத்தியில் போடாதீர்கள். எலும்பின் மேல் பேனாவால் எதுவும் எழுதாதீர்கள், நூலில் அட்டை கட்டுங்கள்.

அப்புறம் சிதைந்த எலும்பை ஒதுக்கினால், எத்தனை ஒதுக்கினீர்கள், ஏன் என்று எழுதிவையுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.